வீட்டுக்கு வரும் நர்ஸ் சேவை: மஞ்சக்குப்பம்

பக்கவாதம் வந்த அம்மாவுக்காகக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டு நர்ஸிங் சேவையை அமர்த்தினோம். பிரஷர் பார்ப்பது, புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நேர்த்தி. கட்டணம் கொஞ்சம் அதிகம்தான், சரி.

எனக்குப் பிடித்தது வேறு. வந்த நர்ஸம்மா ஒரு தாளை வைத்துக்கொண்டு, ஆம், இல்லை என்று பதில் சொல்லும் 15 கேள்விகள் கேட்டார். முதியோர் மனச்சோர்வு அளவுகோலாம். 1980களில் அமெரிக்காவில் உருவான 30 கேள்விப் பட்டியலின் சுருக்கம். தூக்கம், பசி பற்றி அதில் கேள்வியே இல்லை. வயதானால் அவை எப்படியும் குறையுமே! வெளியே போகப் பிடிக்கிறதா, சலிப்பாக இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். மதிப்பெண் 5-ஐத் தாண்டினால் டாக்டரிடம் காட்ட வேண்டும். அம்மாவுக்கு 9. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருமாம். எந்த டாக்டரும் எங்களிடம் இதைச் சொல்லவில்லை.

டாக்டரைப் பார்த்தோம். அப்புறம் நர்ஸம்மா சொன்னபடி, பிரதோஷத்துக்குச் சக்கர நாற்காலியில் பாடலீஸ்வரர் கோயிலுக்கும் கூட்டிப்போகிறோம். அங்கே பழைய சிநேகிதிகளோடு ஊர்க்கதை பேச அம்மாவுக்கு நேரம் போதவில்லை.

குறை ஒன்று: திடீரென்று ஆளை மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவருக்கு அந்தத் தாள் பற்றியே தெரியவில்லை. அமர்த்தும்போதே, அதே நர்ஸ்தான் வரவேண்டும் என்று எழுதி வாங்கிவிடுங்கள்.