வடசேரி பழைய புத்தகக் கடை: டிராகன் நாவல் வாங்குவோர் கவனிக்க

நாகர்கோவில் வடசேரியில் உள்ள இந்தக் கடையில், நாடிழந்த அரச வாரிசுகள் முன்னோரின் டிராகன் மந்திரத்தை மீட்கும் இருண்ட கதைகளுக்கென்றே ஒரு தட்டு இருக்கிறது. அருமையான தொகுப்பு! முதல் பாகம்தான் அதிகம் கிடைக்கும். தொடரின் மூன்று பாகமும் சேர்ந்திருந்தால் மட்டும் எடுங்கள். முன்பக்க வரைபடமும் வம்சாவளியும் கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அவை இல்லாவிட்டால் யார் எந்தக் குலம் என்றே பிடிபடாது.

600 பக்கத்தைத் தாண்டிய பேப்பர்பேக் என்றால் நடுவில் மெதுவாக விரித்துப் பாருங்கள். பசை காய்ந்து 'படக்'கென்று சத்தம் வந்தால் தாள் உதிரும், வேண்டாம். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஈரம் ஏறினால் இராமபாணப் பூச்சி முதுகுப் பசையை அரிக்கும். அட்டையோரத்தில் சுரண்டிய தடம் தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், குறைப்பார்கள்.