சூரியனின் இரட்டை: 18 ஸ்கார்ப்பியா, எச்ஐபி 102152-ஆ?

விருச்சிக மண்டலத்தின் 18 ஸ்கார்ப்பி என்ற விண்மீன் சுமார் 46 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கே மங்கலாகத் தென்படும். நிறை, ஆரம், வெப்பநிலை எல்லாம் சூரியனுக்கு மிக நெருக்கம். 1997-இல் பிரேசில் வானியலாளர்கள் இதைச் சூரிய இரட்டையாக, அதாவது சூரியனை அச்சாக ஒத்த விண்மீனாக அடையாளம் காட்டினார்கள். இன்னொரு சூரிய இரட்டையான, மகர மண்டலத்தின் எச்ஐபி 102152-ஐப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டும். தொலைவு 250 ஒளியாண்டு.

வயதில்தான் சுவாரசியம். பிரேசில் வானியலாளர்கள் தலைமையிலான குழு 2013-இல் சிலியிலுள்ள பெரிய தொலைநோக்கியால் இரண்டையும் ஆராய்ந்தது. 18 ஸ்கார்ப்பிக்கு 290 கோடி, மற்றதற்கு 820 கோடி ஆண்டுகள் என்று கணித்தது. நம் சூரியனுக்கு 460 கோடி. ஒரே ஆளின் இளமைப் படமும் முதுமைப் படமும் கையில் கிடைத்த மாதிரி!

இதற்கு லித்தியம் என்ற தனிமமும் சாட்சி. இந்த வகை விண்மீன்கள் வயதாக ஆக லித்தியத்தை இழக்கின்றன. 18 ஸ்கார்ப்பியில் சூரியனைவிட அது பல மடங்கு அதிகம். முதியவரிடம் மிகக் குறைவு. சூரியனில் ஏன் இவ்வளவு குறைவு என்று அறுபது ஆண்டுகளாக இருந்த குழப்பத்துக்கு இதில் நல்ல விடை கிடைத்தது.

வானில் தேடிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு 18 ஸ்கார்ப்பிதான். ஆனால் என் மனம் எச்ஐபி பக்கமே சாய்கிறது. பாறைக் கோள்களில் நிறைந்திருக்கும் தனிமங்கள் சூரியனைப் போலவே அதிலும் சற்றுக் குறைவு. அவை அங்கே கோள்களாகத் திரண்டிருக்கலாம்.