ரகசிய ரிசர்வா, வெளிப்படையான ஆரம்ப விலையா?

பெரிய விலைக்குப் போற பேஸ்பால் பொருளை ஏலத்துல விடறவங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு ரிசர்வ், அதாவது இதுக்குக் கீழ விக்கமாட்டேன்னு விக்கிறவர் ரகசியமா வைக்கிற விலை. இன்னொண்ணு, ஆரம்ப விலைய எல்லாருக்கும் தெரியற மாதிரி சொல்லிட்டு அதுக்கு மேல வர்ற விலைக்கே கொடுத்துடறது.

ரிசர்வ்ல அடிமாட்டு விலைக்குப் போயிடுமோன்ற பயம் இல்ல, ஆனா ஏலம் அதைத் தொடாம நின்னுடுச்சுன்னா பொருள் விக்காம திரும்பி வரும், அடுத்த தடவை கொண்டு வந்தாலும் "போன தடவை விக்கலையே"ன்னு வாங்கறவன் கொறைச்சுத்தான் கேப்பான், அந்தக் கறை சீக்கிரம் போகாது.

ரெண்டாவது வழிக்கு பேஸ்பால் வீரர் ஓட்டானி ஒரே சீசன்ல அடிச்ச 50வது ஹோம்ரன் (கிரிக்கெட்ல சிக்ஸர் மாதிரி) பந்தைப் பாருங்க. 2024ல 5 லட்சம் டாலர்ல ஆரம்பிச்சு 36 லட்சம் வரைக்கும் ஏறிச்சு, வாங்கறவர் ஏலம் நடத்தறவங்களுக்குத் தனியா கட்டற பிரீமியம் 22 சதவீதமும் சேர்ந்து 43.92 லட்சம்! ஆனா இன்னொரு வீரர் ஆரன் ஜட்ஜோட 62வது ஹோம்ரன் பந்துக்கு 30 லட்சம் டாலர் தர்றேன்னு வந்த ஆளை, பந்தை வச்சிருந்தவர் வேணாம்னு சொல்லிட்டு, 2022 டிசம்பர்ல ஏலத்துல விட்டா பிரீமியத்தோட சேர்த்தே 15 லட்சம்தான். பாதி! மனசு எவ்ளோ பதறியிருக்கும்.

இருந்தாலும் என் ஓட்டு வெளிப்படையான ஆரம்ப விலைக்குத்தான். ரிசர்வ் வச்சே ஆகணும்னா ஆசைப்பட்ட விலைய வைக்காதீங்க, அதே மாதிரியான இன்னொரு பொருள் கடைசியா நெஜமாவே என்ன விலைக்குப் போச்சோ அதுக்குக் கொஞ்சம் கீழயே வைங்க.