கதிர்வீச்சைத் தாங்கும் ரெகுலேட்டர்: எங்கே தேவை, எங்கே வீண்?

திருமங்கலம் அரசுப் பள்ளி மாணவிகளின் உழைப்பும் சேர்ந்த ஆசாதிசாட் என்ற சிறு செயற்கைக்கோள், 2022 ஆகஸ்டில் சுற்றுப்பாதையில் நிலைகொள்ளவில்லை. 2023 பிப்ரவரியில் ஆசாதிசாட்-2, 450 கி.மீ. உயரத்தை எட்டியது. மதுரைப் பக்கத்து மாணவர்களுக்கும் விண்வெளி இனி எட்டாக்கனி இல்லை. ஆகவே செயற்கைக்கோளின் மின்சுற்றுப் பலகையை (போர்டு) வரையத் தொடங்கும்போதே எழும் கேள்வியைப் பார்ப்போம்: 3.3 வோல்ட் தர எந்த ரெகுலேட்டர் (மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் சிப்)?

ஊரில் கடைக்குக் கடை கிடைக்கும் எல்எம்317 சில பத்து ரூபாய். அதே குடும்பத்தின் எல்எம்117, கதிர்வீச்சைத் தாங்கும் ரகத்தில் பல்லாயிரம் ரூபாய்; பல மாதக் காத்திருப்பு வேறு. 450 கி.மீ. உயரத்தில், சில மில்லிமீட்டர் அலுமினியப் பெட்டிக்குள், ஓராண்டில் சேரும் கதிர்வீச்சு ஒரு கிலோராடைத் (ராட் என்பது உறிஞ்சப்படும் கதிர்வீச்சின் அலகு; கிலோராட் ஆயிரம் ராட்) தாண்டுவது அரிது. ஓராண்டுப் பணிக்கு விலை உயர்ந்த ரகம் வீண்செலவு என்பதே என் கருத்து. சாதாரண சிப்பைப் போடுங்கள். ஆனால் சிமாஸ் வகைச் சிப் (டிஜிட்டல் சிப்களின் வழக்கமான ரகம்) என்றால் லாட்ச்-அப், அதாவது துகள் ஒன்று தாக்கி உள்ளேயே குறுக்குச்சுற்று ஏற்படும் அபாயம் உண்டு. மின்னோட்டம் எகிறினால் இணைப்பைத் துண்டித்து மறுபடி உயிர்ப்பிக்கும் சுற்று கட்டாயம் வேண்டும்.

36,000 கி.மீ. உயரத்தில் பத்துப் பதினைந்து ஆண்டு இயங்க வேண்டிய செயற்கைக்கோளுக்கு இந்தச் சிக்கனம் ஆகாது. அங்கே கதிர்வீச்சைத் தாங்கும் ரகம்தான். அதிலும் '100 கிலோராட்' என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அந்த அளவு எந்த வேகத்தில் செலுத்தப்பட்டது என்று பாருங்கள். விநாடிக்கு 50 ராட் வீதம் என்றால் சோதனை சுமார் 33 நிமிடத்தில் முடிந்துவிடும். விநாடிக்கு 10 மில்லிராட் என்றால் ஏறக்குறைய 116 நாள். பைபோலார் வகைச் சிப்கள் (எல்எம்117-உம் இந்த வகைதான்) பலவும் மெதுவாக வரும் கதிர்வீச்சில்தான் அதிகம் சீரழிகின்றன. விண்வெளியில் வருவதோ அதைவிடவும் மெதுவாக. லேட்டரல் பிஎன்பி (மின்னோட்டம் பக்கவாட்டில் பாயும் வகை) டிரான்சிஸ்டர் உள்ள சிப்களில் இந்தச் சீரழிவு கடுமை. டிரான்சிஸ்டரின் மின்னோட்டப் பெருக்கம் குறையக் குறைய, தரக்கூடிய மின்னோட்டமும் சுருங்கும். ஆகவே தரவுத்தாளின் உச்சவரம்பு வரை சுமை ஏற்றாதீர்கள்.

இன்னொன்று, கனமான அயனி (மின்னூட்டம் கொண்ட அணு) ஒன்று தாக்கினால் வெளியீட்டில் மைக்ரோவிநாடி நேரம் மின்னழுத்தம் துள்ளும். 1.2 வோல்ட்டில் இயங்கும் எஃப்பிஜிஏ-வுக்கு (நமக்கு வேண்டியபடி உள்சுற்றை அமைத்துக்கொள்ளும் சிப்) அந்தத் துள்ளலே உயிருக்கு உலை வைக்கும். தயாரிப்பாளர் தரும் அயனிச் சோதனை முடிவு, அவர் பயன்படுத்திய கெப்பாசிட்டருக்கு மட்டுமே பொருந்தும். உங்கள் போர்டில் வேறு கெப்பாசிட்டர் வைத்தால் அந்த உத்தரவாதமும் போய்விடும்.

இதுவரை சொன்ன எல்எம்317, எல்எம்117 ஆகியவை லீனியர் வகை: மிஞ்சும் மின்னழுத்தத்தை வெப்பமாக்கி வீணடிப்பவை. மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டு அனுப்பும் ஸ்விட்சிங் ரெகுலேட்டரின் பலம் சிக்கனம். 5 வோல்ட்டை 3.3 ஆக்கி 1 ஆம்பியர் எடுத்தால் லீனியர் சிப்பில் 1.7 வாட் வெப்பமாகிறது. கோடை மதுரையிலாவது மின்விசிறி வைக்கலாம். வெற்றிடத்தில் காற்றே கிடையாது, வெப்பம் போர்டு வழியாகப் பெட்டிக்குத்தான் போயாக வேண்டும். 28 வோல்ட்டிலிருந்து 5-க்கு இறங்க லீனியரை நினைக்கவே கூடாது. ஆனால் ஸ்விட்சிங்கில் சுவிட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் ஒரே அயனியில் எரிந்துபோகலாம், இரைச்சலும் அதிகம்.

நீண்ட காலப் பணி என்றால் நான் இரண்டையும் சேர்ப்பேன்: முதல் இறக்கத்துக்குக் கதிர்வீச்சைத் தாங்கும் ஸ்விட்சிங்; ஏடிசி (அனலாக் சிக்னலை எண்ணாக மாற்றும் சிப்), கடிகாரச் சுற்று, எஃப்பிஜிஏ ஆகியவற்றின் வாசலில் டிபிஎஸ்7எச்1101 போன்ற லீனியர். 1 ஆம்பியருக்கு உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் நடுவே அது கேட்கும் மின்னழுத்த இடைவெளி ஏறத்தாழ 62 மில்லிவோல்ட்தான். எல்எம்117-க்கோ 2 வோல்ட் அளவுக்கு வேண்டும். முதல் இறக்கத்தை 3.6 வோல்ட்டில் நிறுத்தினால், லீனியரில் வீணாகும் வெப்பம் 1.7 வாட்டிலிருந்து 0.3 வாட்டாகக் குறையும்.