வாய்க்கால் கரையில் 911-ம் ஹைலக்ஸும்

போர்ஷே 911 கரேரா ஸ்போர்ட்ஸ் காரையும் (2019-இல் வந்தது) டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது அகலம். அது 1852 மில்லிமீட்டர், இது 1855. மூன்றே மில்லிமீட்டர் வித்தியாசம்! களக்காட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வாழைத்தோப்புக்குப் போகும் வாய்க்கால் கரைப் பாதை, அளவைப் பொறுத்தவரை இரண்டுக்குமே போதும்.

உயரத்தில் அரை மீட்டர் இடைவெளி: 1298, 1815.

குதிரைத்திறன் 385-க்கு எதிரே 204. பலரும் இதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த வரியைத்தான் படிக்க வேண்டும். முறுக்குவிசை, பட்டறையில் 'இழுவை' என்பார்களே, அதில் 911-க்கு 450 நியூட்டன் மீட்டர். ஆட்டோமேட்டிக் ஹைலக்ஸுக்கு 500. இழுவை கூடுதலாக உள்ள வண்டி ஏன் பின்தங்குகிறது? இழுவையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கினால் கிடைப்பதுதான் குதிரைத்திறன். ஹைலக்ஸின் 2.8 லிட்டர் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 1600 சுற்றிலேயே முழு இழுவையைத் தந்துவிடும். 2800-ஐத் தாண்டினால் இழுவை இறங்கத் தொடங்கும். 911-இன் பெட்ரோல் எஞ்சினோ 5000 சுற்று வரை அதே இழுவையோடு ஏறுகிறது, 6500-இல் உச்சத் திறனைத் தொடுகிறது. எடையும் சுமார் 1500 கிலோதான். ஹைலக்ஸ் இரண்டு டன்னுக்கு மேல். 911 நூறு கிலோமீட்டர் வேகத்தை 4.2 விநாடியில் எட்டுவது இப்படித்தான்.

ஆனால் ஐப்பசி மழையில் குழைந்த கரையில் நான் பார்த்தது வேறு. சித்தப்பாவின் நண்பர் தம் ஹைலக்ஸில் ஏத்தன் வாழைத்தார்களைச் சருகு மெத்தையிட்டு அடுக்கியிருந்தார். நான்கு சக்கர இயக்கம், லோ கியர், மனிதன் நடக்கும் வேகம். டயர் வரிகளுக்கிடையே சேறு பிதுங்கி விழுந்தது. சக்கரம் ஒரு கணம் தயங்கி, அடியில் கெட்டியான மண்ணைப் பிடித்து ஏறியது. பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கிற, தார்ச்சாலைக்கென்றே டயர் பூட்டிய 911-இன் வயிறு அங்கே மண்ணில் உட்கார்ந்திருக்கும்.

2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகி திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் நிலையமே மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு இன்னோர் எண் முக்கியமாகப் படும்: ஹைலக்ஸ் 700 மில்லிமீட்டர் தண்ணீரைக் கடக்கும் என்கிறது டொயோட்டா. ஓடும் வெள்ளத்தில் அந்தக் கணக்கை நம்பி யாரும் இறங்கிவிட வேண்டாம்.

நான்குவழிச் சாலையில் நிலைமை தலைகீழ். பணகுடி பக்கம் கணவாய்க் காற்று குறுக்கே அடிக்கும்போது உயரமான பிக்கப் அசைகிறது. பின்னால் பாரம் இல்லாவிட்டால் லீஃப் ஸ்பிரிங் தூக்கித் தூக்கிப் போடுகிறது. தாழ்ந்த 911 அங்கே சாலையோடு ஒட்டிக்கொண்டு போகும். உச்ச வேகம் 293; சட்டம் அனுமதிப்பதைப் போல இரு மடங்குக்கும் மேல்.

எனக்கு ஹைலக்ஸ்தான். ஆனால் அறுவடை முழுவதையும் ஒரே நடையில் ஏற்ற வேண்டும் என்று சித்தப்பா கேட்டால் அதையும் சொல்ல மாட்டேன். இரண்டு வரிசை இருக்கை பின்தட்டின் நீளத்தைத் தின்றுவிடுகிறது. அவருக்கு ஒற்றை கேபின் பிக்கப்தான் சரி.