ஏழு வருடமாக நானே போடும் வருமான வரி ரிட்டர்ன்

கட்டடங்களுக்கு ஸ்ட்ரக்சுரல் டிராயிங் போட்டுத் தருவது என் தொழில். வேலையை விட்டுவிட்டுத் தனியாக வந்த பிறகு, 2019 முதல் 2025 வரை ஏழு முறை ஆடிட்டர் இல்லாமல் நானே ரிட்டர்ன் போட்டிருக்கிறேன். பட்ட சிரமங்களில் முக்கால்வாசி நானே இழுத்துவிட்டுக்கொண்டவை.

முதல் வருடம் ஒரே நிறுவனத்துக்குத்தான் வேலை செய்தேன். மாதம் 50,000 ரூபாய். 10 சதவீதம் வரியாகப் பிடித்துக்கொண்டு 45,000 போடுவார்கள். மாதாமாதம் வருகிறதே, சம்பளம்தானே என்று, சம்பளக்காரர்கள் போடும் ஐடிஆர்-1 படிவத்தைப் போட்டுவிட்டேன். அவர்கள் பிடித்ததோ 194ஜே பிரிவில், அதாவது தொழில்முறைக் கட்டணமாக. ரிட்டர்னில் குறைபாடு என்று 139(9) நோட்டீஸ் வந்தது. பதில் தர 15 நாள். அந்த வாரம் சரியாகத் தூங்கவில்லை.

சிறு தொழில்காரர்களுக்கான ஐடிஆர்-4 படிவத்துக்கு மாறினேன். அதிலும் பாஸ்புக்கைப் பார்த்து வரவு 5,40,000 என்று எழுதப் போனேன். நல்லவேளை, நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையைத் திறந்து பார்த்தேன்: 6,00,000. பிடித்துக்கொண்ட 60,000மும் என் வரவுதான்; என் பெயரில் முன்கூட்டியே கட்டப்பட்ட வரி அது. செலவுக் கணக்கு காட்டாமல் வரவில் பாதியை லாபமாக வைத்துக்கொள்ளும் 44ஏடிஏ பிரிவின்படி என் லாபம் 3,00,000. அன்றைய விதிப்படி, குறைந்த வருமானக்காரர்களுக்கான 87ஏ தள்ளுபடி போக வரி பூஜ்யம். 60,000மும் திரும்ப வரவேண்டும்.

வரவில்லை. நம் ஊர் இனிஷியல் குறுக்கே நின்றது. பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக, வங்கிக் கணக்கில் ஒற்றை எழுத்து. பெயர் பொருந்தாததால் கணக்கை ப்ரீவேலிடேட் செய்ய, அதாவது பணம் திரும்ப வரும் கணக்கு என்னுடையதுதான் என்று முன்பே சரிபார்க்க, முடியவில்லை. வங்கிக்கு இரண்டு நடை நடந்து பெயரைத் திருத்திய பிறகுதான் பணம் வந்தது. புதிதாகப் போடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: பான், ஆதார், பாஸ்புக் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

44ஏடிஏ பற்றித்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள். மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், கட்டடக்கலைஞர் போன்ற சில தொழில்களுக்கு மட்டுமே அது. வரம்பு 50 லட்சம்; ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம். செலவுக்கு பில் காட்ட வேண்டாம் என்பதுதான் பெரிய நிம்மதி. ஒருமுறை நுழைந்தால் ஐந்து வருடம் வெளியேற முடியாது என்று பயமுறுத்துவார்கள். அந்த நிபந்தனை கடை, வியாபாரத்துக்கான 44ஏடிக்குத்தான்.

2021 ஜூனில் வருமான வரித் துறையின் புதிய இணையதளம் வந்ததிலிருந்து பாதி விவரம் தானாகவே நிரம்பி வருகிறது. அதற்காக ஏப்ரலிலேயே அவசரப்படக் கூடாது. கடைசிக் காலாண்டுப் பிடித்தக் கணக்கை நிறுவனங்கள் மே 31 வரை தரலாம். நான் ஜூன் பாதிக்கு மேல்தான் உட்காருவேன். வட்டி போன்ற வரவுகளையெல்லாம் காட்டும் ஏஐஎஸ் அறிக்கையையும் பார்த்துவிடுவேன், நான் மறந்தே போயிருந்த சேமிப்புக் கணக்கு வட்டி அதில் இருந்தது.

அப்புறம், வருடம் முடியும் முன்பே கட்டவேண்டிய அட்வான்ஸ் டேக்ஸ். பிடித்தம் போக 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வரி இருந்தால், எங்களைப் போன்ற 44ஏடிஏகாரர்கள் மார்ச் 15க்குள் ஒரே தவணையில் கட்டலாம். ஒரு வருடம் மறந்து வட்டி கட்டினேன்.

வரி கணக்கிட இரண்டு முறைகள் உண்டு: கழிவுகள் அதிகம் உள்ள பழையது, கழிவுகள் குறைவான புதியது. இப்போது புதிய வரி முறைதான் இயல்பாக வரும். பழையது வேண்டுமென்றால் தொழில் வருமானக்காரர் கடைசித் தேதிக்குள் 10-ஐஇஏ படிவம் தரவேண்டும். பிறகு புதியதற்குத் திரும்பினால், தொழில் வருமானம் இருக்கும்வரை மறுபடி பழையதற்குப் போக முடியாது. சம்பளக்காரர்களுக்கு இந்தக் கட்டு இல்லை.

அனுப்பிவிட்டோம், முடிந்தது என்று லேப்டாப்பை மூடிவிடாதீர்கள். 30 நாளுக்குள் இ-வெரிஃபை செய்ய, அதாவது போட்டது நாம்தான் என்று இணையத்தில் உறுதிப்படுத்த வேண்டும். தவறினால் சரிபார்க்கும் நாளே தாக்கல் நாளாகிவிடும், தாமதக் கட்டணமும் சேரலாம். ஆதாரில் இருந்த என் பழைய செல் எண் செத்துப்போய் ஓடிபி வராத வருடம், நெட்பேங்கிங் வழியாகச் சரிபார்த்தேன்.

வரவு ஒரே தொழிலிலிருந்து வந்தால் நாமே போடலாம், அரை நாள் வேலை. தம்பி பங்குச்சந்தையின் எஃப் அண்ட் ஓ வர்த்தகத்தில் இறங்கி, இன்னும் சிக்கலான ஐடிஆர்-3 படிவம் போடவேண்டி வந்தபோது மட்டும் நான் கை வைக்கவில்லை. நேராக ஆடிட்டரிடம் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டேன்.