தண்டர்பேர்டும் வைரஸ் தடுப்பும்: தம்பு செட்டித் தெருவிலிருந்து ஒரு மதிப்புரை

சென்னைத் தம்பு செட்டித் தெருவில் உள்ள எங்கள் கஸ்டம்ஸ் கிளியரிங் (சுங்க அனுமதி பெற்றுத் தரும்) அலுவலகத்தில் ஆறு ஆண்டுகளாகத் தண்டர்பேர்டு மின்னஞ்சல் மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறோம். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்குச் சீட்டு) எல்லாம் மின்னஞ்சலின் இணைப்பாகவே வருகின்றன. அவற்றில் ஒன்று கைக்கு வராவிட்டாலும் துறைமுகத்தில் கன்டெய்னர் நகராது, டெமரேஜ் எனப்படும் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். ஆகவே இந்த மென்பொருளும் வைரஸ் தடுப்பும் ஒத்துப்போவது எங்களுக்குப் பிழைப்பு சார்ந்த விஷயம்.

சென்ற ஆண்டு ஒரு நாள் காலையில் திறந்தபோது இன்பாக்ஸில் ஓர் அஞ்சல்கூட இல்லை. முந்தைய நாள் வந்திருந்த ஒரு ஜிப் இணைப்பில் வைரஸ் இருப்பதைக் கண்டுகொண்ட, நாங்கள் காசு கொடுத்து வாங்கிய தடுப்பு மென்பொருள், இன்பாக்ஸ் முழுவதையுமே தூக்கித் தனிமைப்படுத்திவிட்டிருந்தது. தண்டர்பேர்டு வழக்கமாக ஒரு கோப்புறையின் அஞ்சல்கள் அனைத்தையும் எம்பாக்ஸ் எனப்படும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து எழுதி வைப்பதால், வெளியிலிருந்து பார்க்கும் தடுப்பு மென்பொருளுக்கு அது ஒற்றைக் கோப்பாகத்தான் தெரியும். எங்களுடையது பாப்3 கணக்கு, அதாவது அஞ்சல்களை சர்வரிலிருந்து கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை. சர்வரில் நகல் விட்டுவைக்கும்படி அமைக்காததால் இருந்தது அந்த ஒரே பிரதிதான். நல்லவேளையாக அது அழிக்கப்படவில்லை. தண்டர்பேர்டை மூடிவிட்டு, தனிமைப்படுத்திய இடத்திலிருந்து கோப்பை மீட்டு, அதற்குரிய எம்எஸ்எஃப் அட்டவணைக் கோப்பை மட்டும் நீக்கிவிட்டுத் திறந்ததும், மென்பொருளே அட்டவணையைப் புதிதாக உருவாக்கிக்கொண்டது. அஞ்சல்கள் வரிசையாகத் திரும்பி வருவதைப் பார்த்த பிறகுதான் அலுவலகமே மூச்சு விட்டது.

இதற்கான தீர்வு தண்டர்பேர்டிலேயே இருக்கிறது. 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பக்கத்தில், வரும் அஞ்சல்களைத் தனித்தனியாகத் தனிமைப்படுத்த ஆன்டிவைரஸை அனுமதிக்கும் ஒரு தேர்வுப்பெட்டி உண்டு. அதில் டிக் செய்தால், பாப்3 வழியாக வரும் ஒவ்வோர் அஞ்சலும் முதலில் தற்காலிகக் கோப்பாக எழுதப்பட்டு, அதன் பிறகே இன்பாக்ஸில் சேர்க்கப்படும். ஆகவே தடுப்பு மென்பொருளுக்கு இரையாவது குற்றமுள்ள அஞ்சல் மட்டுமே. அத்துடன் அஞ்சல்களும் அமைப்புகளும் இருக்கும் தண்டர்பேர்டின் புரொஃபைல் கோப்புறைக்கு ஸ்கேனிலிருந்து விலக்கு அளித்தோம். இணைப்பைத் திறக்கும்போதும் சேமிக்கும்போதும் அது வேறு கோப்பாக வெளியே எழுதப்பட்டுச் சோதனைக்கு உட்படுவதால், இந்த விலக்கைத் துணிந்து தரலாம். 3 ஜிபி அளவுள்ள இன்பாக்ஸை ஒவ்வொரு புதிய அஞ்சலுக்கும் துழாவும் வேலை நின்றதால், பழைய கணினியிலும் வேகம் கண்ணுக்குத் தெரிந்தது.

இவ்வளவு முக்கியமான தேர்வு, நிறுவும்போது அணைந்த நிலையில் வருவதை என்னால் ஏற்க முடியவில்லை. தொடக்கத்திலேயே அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தால் எங்களுக்கு அந்தக் காலைப்பொழுது வந்திருக்காது. இன்னொன்றையும் புதியவர்கள் கவனிக்க வேண்டும்: நீக்கிய அஞ்சல், அதைக் கோப்பிலிருந்து நிஜமாகவே அகற்றும் 'காம்பாக்ட்' வேலையைச் செய்யும் வரை அந்தக் கோப்பிலேயே கிடக்கும் என்பதால், விலக்கு அளிக்காதவர்களுக்குத் தடுப்பு மென்பொருள் அதே வைரஸைத் திரும்பத் திரும்பக் காட்டி எச்சரிக்கும். எங்கள் அலுவலகத்தில் சனிக்கிழமை மாலை, வெளி ஹார்ட் டிஸ்க்கில் புரொஃபைல் கோப்புறையை நகலெடுத்த பிறகே காம்பாக்ட் செய்கிறோம்.